புல் ஸ்ட்ரீட் சபையாரும் அவர்தம் கடைக் கணக்கும்

வியாபாரிக்கு மதம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது, கணக்குப் புத்தகம் மற்ற ஆறு நாட்களுக்கு உரியது என்று பிரித்து வைத்துக்கொள்வதில் எந்தத் தேசத்தாரும் எந்தச் சமயத்தாரும் மற்றவர்க்குப் பின்தங்கியவர்கள் அல்லர். இந்தப் பாகப்பிரிவினைக்கு ஒப்பாமல், கணக்குப் புத்தகத்தையும் சபை நடுவே விரித்து வைத்தாக வேண்டும் என்று ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்காலம் பிடிவாதம் செய்த ஒரு சிறு கூட்டத்தார் இங்கிலாந்தில் இருந்தார்கள். நண்பர் சங்கத்தார் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்களை உலகம் பரிகாசமாகக் குவேக்கர்கள் என்று அழைத்தது. பரிகாசப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் செல்வம் சேர்த்த கதையைச் சொல்கிறவர்கள், பக்தியுள்ளவனுக்குப் பகவான் பொருளையும் கொடுப்பான் என்ற தோரணையில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த விளக்கத்தில் திருப்தி இல்லை. அவர்களைக் காத்தது உள்ளத்தில் இருந்த வேதம் மட்டுமானால், அதே வேதத்தை ஓதிக்கொண்டு கலப்படம் செய்த மற்றக் கிறிஸ்தவ வியாபாரிகளுக்கு நாம் என்ன சமாதானம் சொல்வது? பர்மிங்ஹாம் நகரத்தின் புல் ஸ்ட்ரீட் என்ற கடைவீதியையும், அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பிய அவர்களுடைய சபைக் கூடத்தையும், அதே வீதியில் பின்னாளில் கடை விரித்த ஒரு குடும்பத்தையும் வைத்துப் பார்த்தால் விஷயம் சற்றுத் தெளிவாகிறது.

நெசவாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழில் கற்ற ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர், பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டு யுத்தத்தால் குழம்பிக் கிடந்த தேசத்தில், குருமாரும் சடங்கும் வேண்டாத ஒரு வழிபாட்டைப் போதித்தார். மௌனமாக அமர்ந்திருப்பதே ஆராதனை. எவருக்கேனும் உள்ளொளி தூண்டினால் எழுந்து பேசலாம். ஆணும் பெண்ணும் பேசலாம். அரசனுக்கும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். நியாயஸ்தலத்தில் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள்; இயேசு அதைத் தடுத்திருக்கிறார் என்பது ஒரு காரணம்; பிரமாணம் செய்தபோது மட்டும் உண்மை பேசுகிறவன் மற்ற வேளையில் என்ன பேசுகிறான் என்ற கேள்வி மற்றொரு காரணம். இதற்காகச் சிறை புகுந்தவர்களும், உடைமைகளைப் பறிகொடுத்தவர்களும் ஆயிரக்கணக்கானவர். பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி போதும் என்று சட்டம் இறங்கி வந்தது 1696-இல். ஆயினும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கலாசாலைகளின் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. அரசாங்க உத்தியோகமும் அப்படியே. யுத்தம் பாவமென்று கருதியவர்களுக்குச் சேனையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எஞ்சியது வாணிபமும் கைத்தொழிலுமே. நகராட்சி அந்தஸ்து 1838 வரையில் வாய்க்காத பர்மிங்ஹாமில், பழைய நகரங்களின் கட்டுப்பாடுகள் இல்லாமையால், இத்தகைய மாறுபட்ட மதத்தார் இரும்பும் பித்தளையும் உருக்கிப் பிழைக்க இடம் கிடைத்தது.

பேரம் பேசாமல் ஒரு முழத் துணி வாங்கியறியாத நம்மவர்க்கு, அவர்கள் செய்த முதல் புதுமை எவ்வளவு பெரியது என்று எளிதில் விளங்கும். ஐந்து ஷில்லிங்குக்குக் கொடுக்கத் தயாராயிருப்பவன் எட்டு ஷில்லிங் என்று சொன்னால், சொன்ன சொல் பொய்யல்லவா? ஆகவே குவேக்கர் கடைக்காரர் ஒரே விலை சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தொப்பியெடுத்து வணங்காத, விலையில் இம்மியும் இறங்காத இந்த விசித்திர மனிதரிடம் ஆரம்பத்தில் எவரும் வரவில்லை. சில வருஷங்களில் நிலைமை தலைகீழாயிற்று. சிறு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கை பரவவே, ஊர் வியாபாரமெல்லாம் குவேக்கரிடம் போகிறதே என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள் என்று ஃபாக்ஸ் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லாபத்தை எண்ணி மேற்கொண்ட விரதம் அன்று அது. ஆனால் லாபம் வந்தபின் விரதம் எளிதாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒரு மனிதனுடைய மனச்சாட்சி எத்தனை நாள் காவல் நிற்கும்? இந்தக் கேள்வியை அவர்கள் தங்களிடமே கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அவர்களுடைய வரலாற்றில் நான் மிகவும் வியக்கும் பகுதி. மாதந்தோறும் கூடிய சபையில் நியமமான சில வினாக்கள் வாசிக்கப்பட்டன. நம்மவர் கொடுக்கல் வாங்கலில் நீதியாக நடக்கிறார்களா? சொன்ன தவணையில் கடனைச் செலுத்துகிறார்களா? தம் சக்திக்கு மீறிய வியாபாரத்தில் இறங்காதிருக்கிறார்களா? ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் ஆஸ்தி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவேண்டும் என்பது சபையின் புத்திமதி. எவனுடைய வியாபாரமாவது தள்ளாடுகிறது என்ற செய்தி காதில் விழுந்தால், விவரமறிந்த இரண்டு பெரியவர்கள் அவன் வீட்டுக்குப் போய், கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். யோசனை சொன்னார்கள், தேவையானால் கைகொடுத்தார்கள், கேளாமற்போய்த் திவாலானவனைச் சபையினின்று விலக்கினார்கள். பிறர் பணத்தை வைத்துத் துணிகரம் ஆடுவது திருட்டுக்கு அடுத்த படி என்பது அவர்களுடைய அபிப்பிராயம். சிறைச்சாலைச் சீர்திருத்தத்தால் ஐரோப்பா முழுவதும் போற்றப்பட்ட எலிசபெத் ஃப்ரை அம்மையாரின் கணவர் ஜோசப் ஃப்ரையின் வங்கி 1828-இல் முறிந்தபோது, அந்த அம்மையாரின் புகழுக்காகக்கூடச் சபை விதியைத் தளர்த்தவில்லை, கணவர் விலக்கப்பட்டார்.

இவ்வளவு கடுமையான கூட்டத்தில் ஒருவன் தொடர்ந்து அங்கம் வகிக்கிறான் என்பதே வெளியாருக்கு ஒரு ஜாமீனாயிற்று. அவனிடம் பணத்தைக் கொடுத்து வைக்கலாம். பின்னாளில் பார்க்ளேஸ் என்று பெயர் பெற்ற வங்கி 1690-இல் லண்டன் லம்பார்டு வீதியில் இரண்டு குவேக்கர் பொற்கொல்லர்களிடத்தில் தோன்றியதும், பர்மிங்ஹாமிலேயே 1765-இல் சாம்ப்ஸன் லாயிட் என்ற குவேக்கர் இரும்பு வியாபாரி, பொத்தான் செய்து பொருள் குவித்த ஜான் டெய்லரோடு சேர்ந்து லாயிட்ஸ் வங்கியைத் தொடங்கியதும் தற்செயல் என்று நான் கருதவில்லை. கலியாண சம்பந்தமும் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே நடந்தமையால், கடன் கொடுத்தவனும் கொண்டவனும் மாமன் மைத்துனனாயும் இருந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கடைகளை அறிந்தவர்க்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றாது.

இனி ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். புல் ஸ்ட்ரீட் சபையில் சாமுவேல் கால்ட்டன் என்றொரு தனவந்தர் இருந்தார். விஞ்ஞானத்தில் ஈடுபாடு உடையவர். ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி முதலானோர் கூடிய சந்திர சங்கத்தில் ஓர் அங்கத்தினர். அவருடைய குலத்தொழில் துப்பாக்கி செய்வது. யுத்தம் கூடாதென்று போதிக்கும் சபையில் துப்பாக்கி வியாபாரி ஒருவர் பல ஆண்டுகள் மரியாதையோடு அமர்ந்திருந்தார் என்பது ஆச்சரியமே; தம்மவர் விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பலவீனம் அவர்களுக்கும் இருந்தது. பிரான்சோடு யுத்தம் மூண்ட பிறகு, 1795-இல், சிலர் இதைச் சபையில் எழுப்பினார்கள். பெரியவர்கள் கால்ட்டன் வீட்டுக்குச் சென்றார்கள். அவர் பணியவில்லை, நீண்ட மறுமொழி ஒன்று எழுதினார். இத்தொழில் எனக்குப் பிதிரார்ஜிதமாக வந்தது. இத்தனை காலமும் சபை ஒரு சொல் சொன்னதில்லை. யுத்தச் செலவுக்கு வரி செலுத்துகிற நீங்கள் யுத்தத்துக்குத் துணைபோகவில்லையா? அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையையும் பருத்தியையும் வாங்குகிற நீங்கள் அடிமை வியாபாரத்துக்குத் துணைபோகவில்லையா? என்று இவ்வண்ணம் அவர் தொடுத்த வாதத்துக்குச் சபையாரிடம் நேரான விடை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் 1796-இல் அவரை விலக்கிவிட்டார்கள். அவரோ, விலக்கப்பட்ட பின்னும் ஆராதனைக்கு வந்து வழக்கம்போல் அமர்ந்திருந்தார். வாதத்தில் வென்றவர் கால்ட்டன் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நூறு வருஷம் கழித்து அதே ஊரில் அதே சபையைச் சேர்ந்த வேறொரு குடும்பத்தின் வாசலில் வந்து நின்றது.

கால்ட்டன் வழக்கு எழுவதற்கு ஓராண்டு முன்புதான், 1794-இல், ரிச்சர்டு டாப்பர் காட்பரி என்ற ஜவுளி வியாபாரி புல் ஸ்ட்ரீட்டில் குடியேறியிருந்தார். அவருடைய மகன் ஜான், 1824-இல், தகப்பனார் கடைக்கு அடுத்த 93-ஆம் எண்ணில் தேயிலையும் காப்பியும் விற்கத் தொடங்கி, அவற்றோடு உரலில் தாமே இடித்த கோக்கோவையும் வைத்தார். சாராயம் ஏழைக் குடும்பங்களை அழிப்பதைக் கண்டு மதுவிலக்கில் தீவிரம் கொண்டவர் அவர். குடிக்கிறவனிடம் குடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது, அவன் கையில் வேறொரு பானத்தைக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணமும் இந்த வியாபாரத்துக்குள் இருந்தது. 1831-இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 1854-இல் விக்டோரியா மகாராணியாரின் அங்கீகாரமும் வந்தது. ஆனால் மறு வருஷம் மனைவியை இழந்த ஜான் மனம் சோர்ந்துபோகவே, 1861-இல் தொழிலைக் கைவிடும் நிலையில் பிள்ளைகள் ரிச்சர்டு, ஜார்ஜ் இருவரிடமும் ஒப்படைத்தார்; மூத்தவருக்கு வயது 25, இளையவருக்கு 21. தாயார் வைத்துப்போன பணத்தில் ஆளுக்கு 4,000 பவுன் போட்டு, அதில் பெரும்பகுதி கரைந்து போகும் வரையில் மல்லாடினார்கள். ஜார்ஜ் தம் சொந்தச் செலவைச் சந்நியாசிபோல் சுருக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கோக்கோ விதையில் பாதிக்குச் சற்று மேல் கொழுப்பு; வெந்நீரில் கலக்கினால் நெய்போல் மிதக்கும். அதை மறைக்க அக்காலத்து உற்பத்தியாளர் யாவரும் உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி, கோதுமை மாவு, வெல்லப்பாகு முதலியவற்றைச் சேர்த்தார்கள். காட்பரி சகோதரர்களும் சேர்த்தார்கள். தாங்கள் விற்ற கோக்கோவில் ஐந்தில் ஒரு பங்கே கோக்கோவாய் இருந்தது என்று ஜார்ஜ் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். விலையில் பொய் சொல்லாத சபையார் சரக்கின் கலப்பைப் பொய்யாக எண்ணவில்லை. ஊர் வழக்கம் என்ற திரை எவ்வளவு கனமானது பாருங்கள். ஹாலந்தில் வான் ஹவுட்டன் என்பவர் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் யந்திரம் ஒன்றை நெடுநாள் முன்பே கண்டிருந்தார். டச்சு மொழி ஒரு சொல்லும் அறியாத ஜார்ஜ், அகராதியும் சைகையுமாக அந்தத் தேசத்துக்குச் சென்று யந்திரத்தை வாங்கி வந்தார். 1866-இல் வெளிவந்த கலப்பற்ற கோக்கோவைச் சுத்தமானது என்ற ஒரே பேச்சாக விளம்பரம் செய்தார்கள். விளம்பரமே பெருமையடிப்பது என்று கூசிய முன்னோர் இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். உணவுக் கலப்படத்துக்கு எதிராகப் பார்லிமெண்டில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது, வைத்தியர்கள் புகழ்ந்தார்கள், 1875-இல் சட்டமும் வந்தது. பிழிந்தெடுத்து மிஞ்சிய கொழுப்பு, தின்பதற்குரிய சாக்லேட்டாக மாறி இரண்டாவது லாபத்தைக் கொடுத்தது. சத்தியமும் சாமர்த்தியமும் ஒரே வண்டியில் ஏறிவந்த அபூர்வமான சந்தர்ப்பம் இது. ஏறாத சந்தர்ப்பங்களில்தான் பரீட்சை.

ஜார்ஜ் காட்பரி ஞாயிறுதோறும் விடியற்காலையில் செவர்ன் ஸ்ட்ரீட் முதியோர் பள்ளிக்குச் சென்று, எழுத்தறியாத தொழிலாளிகளுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்து வந்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு விடாமல் செய்த காரியம் இது. மாணாக்கர் வீடுகளுக்கும் போனார். வெளிச்சமில்லாத பின்முற்றங்களில், புகையும் சாக்கடையும் சூழ, ஓர் அறையில் ஒரு குடும்பம் கிடப்பதைக் கண்டபிறகு, இவனை நல்லவனாயிரு என்று நான் உபதேசிப்பதில் என்ன பொருள் என்று அவருக்குத் தோன்றியது. 1879-இல் தொழிற்சாலையை நகரத்துக்குத் தெற்கே நாலு மைல் தொலைவில், ரயிலும் கால்வாயும் அருகில் இருந்த வயல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் ஓடிய போர்ன் என்ற ஓடையின் பெயரால் அவ்விடம் போர்ன்வில் ஆயிற்று. 1895-இலிருந்து அங்கே வீடுகள் எழுந்தன. எந்த வீடும் தன் மனையில் கால் பங்குக்கு மேல் அடைக்கக்கூடாது, மீதி தோட்டம், குடிவருமுன்பே பழமரங்கள் நட்டிருக்கும். மதுக்கடைக்கு இடமில்லை. காட்பரி ஆலையில் வேலை செய்யாதவர்களுக்கும் வீடு கிடைத்தது என்பதைக் கவனிக்கவேண்டும். முதலாளி வேலையும் தந்து கூரையும் தந்தால் தொழிலாளி இரட்டை அடிமையாகிறான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதைச் சுவர்க்கமாக வர்ணித்தவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆலைக்குள் ஆணும் பெண்ணும் தனித்தனி வாயிலில் நுழைந்தார்கள். கலியாணமான பெண் வேலையை விட்டு விலகியாக வேண்டும். வேதப் புத்தகம் ஒன்றும் பூ ஒன்றும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சனிக்கிழமை அரைநாள் விடுமுறை, மைதானம், நீச்சல்குளம், 1906-இல் ஆண்களுக்கு ஓய்வூதிய நிதி என்று எல்லாம் கிடைத்தன. தகப்பன் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் கிடைத்தன. பிள்ளை வளர்ந்து பெரியவனாகிறான் என்பதை ஒப்புக்கொள்ள அந்தத் தகப்பன்மார்க்குச் சற்றுக் காலம் பிடித்தது. யார்க் நகரத்து ரவுண்ட்ரீ குடும்பத்தார், அதே சபையினர், அதே தொழிலினர், இதே காலத்தில் வேறொரு திசையிலும் சென்றார்கள். சீபோம் ரவுண்ட்ரீ தம் ஊர் வீடுகளைக் கணக்கெடுத்து, ஜனத்தொகையில் நூற்றுக்கு 28 பேர் வறுமையில் உழல்வதாக 1901-இல் வெளியிட்ட நூல், தர்ம சிந்தனையைப் புள்ளிவிவரத்தின் மேல் உட்காரவைத்தது.

அதே 1901-இல்தான் கால்ட்டனின் கேள்வி காட்பரியிடம் வந்தது. அவர்கள் வாங்கிய கோக்கோவில் ஏறக்குறைய பாதி, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சான் டோமே முதலிய போர்த்துகீசியத் தீவுகளில் விளைந்தது. அங்கே விலைக்கு வந்த ஒரு தோட்டத்தின் விளம்பரத்தில், நிலம், கட்டிடம் ஆகியவற்றோடு தொழிலாளிகளும் சொத்தாகக் காட்டப்பட்டிருந்தது ரிச்சர்டின் மகன் வில்லியம் காட்பரியின் கண்ணில் பட்டது. அங்கோலாவிலிருந்து ஐந்து வருஷ ஒப்பந்தம் என்ற பெயரில் ஓட்டிவரப்பட்ட அந்த ஜனங்களில் ஊர் திரும்பியவர் அநேகமாக எவருமில்லை. வில்லியம் லிஸ்பனுக்குச் சென்று முறையிட்டார். போர்த்துகீசியர் சீர்திருத்தம் வருகிறது என்றார்கள். 1905-இல் ஜோசப் பர்ட் என்ற குவேக்கரைப் போர்த்துகீசிய மொழி கற்கச் செய்து தீவுகளுக்கும் அங்கோலாவுக்கும் அனுப்பினார்கள். பழைய சபைப் பெரியவர்கள் தள்ளாடும் வியாபாரியின் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்த வழக்கமே சமுத்திரம் தாண்டிப் போயிற்று என்று சொல்லலாம். அவருடைய அறிக்கை, இது அடிமைத்தனமே என்று ஐயமற உரைத்தது. அதற்குப் பின்னும் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா பொறுத்திருக்கச் சொல்ல, வாங்குவதை நிறுத்தினால் பேசுவதற்குரிய பிடி போய்விடும் என்று தாங்களும் எண்ண, 1908-இல் வில்லியம் தாமே நேரில் சென்று திரும்பிய பிறகு, 1909 மார்ச்சில்தான் அக்கோக்கோவை வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். கால்ட்டனை விலக்கச் சபைக்கு இரண்டு வருஷம் ஆகவில்லை. இவர்களுக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

இதற்குள் லண்டன் ஸ்டாண்டர்டு பத்திரிகை இவர்களை வேஷதாரிகள் என்று குத்திக்காட்டியிருந்தது. ஜார்ஜ் காட்பரியின் ஆதிக்கத்தில் இருந்த டெயிலி நியூஸ் பத்திரிகை தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் துன்பத்தைக் கண்டித்து முழங்கிய காலத்திலேயே, அவருடைய ஆலைக்கு அடிமைக் கோக்கோ வந்துகொண்டிருந்ததல்லவா? காட்பரிகள் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்கள். 1909 கடைசியில் பர்மிங்ஹாமிலேயே விசாரணை. எதிர்த்தரப்பில் எட்வர்டு கார்ஸன் நின்று, இத்தனை வருஷத்தில் உங்களுக்காகக் கோக்கோ விளைவித்து மாண்டவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டதுண்டா என்ற கருத்தில் கேட்ட கேள்விக்கு வில்லியமிடம் இல்லை என்பதைத் தவிர விடையில்லை. வருஷந்தோறும் கணக்குப் பார் என்று சொல்லி வளர்த்த சபையின் பிள்ளையிடம் அந்த ஒரு கணக்கு மட்டும் இல்லை. ஜூரிகள் காட்பரி பக்கமே தீர்ப்பளித்து, நஷ்டஈடாக ஒரு ஃபார்திங், அதாவது பென்னியில் கால் பங்கு, கொடுக்கச் சொன்னார்கள். உள்ளூரில், அவர்களுடைய தர்மத்தை நன்கறிந்த ஊரில், கிடைத்த மதிப்பு அது.

அவர்களைக் கபடர் என்று நான் எண்ணவில்லை. புல் ஸ்ட்ரீட் சபைக்கு ஒரு வீதியைக் கண்காணிக்கத் தெரியும். கணக்கைக் கேட்கப் போகும் இரண்டு பெரியவர்களுக்குக் கடைக்காரனுடைய வீடும் மனைவி மக்களும் தெரியும். கடல் கடந்த தோட்டத்தைக் கண்காணிக்கிற கண் அந்தச் சபையிடம் இல்லை. அன்றியும் 1860-ஐ ஒட்டி அதன் பழைய கடுமைகள் தளர்ந்தபின், வீட்டுக்குப் போய்க் கணக்குக் கேட்கும் துணிவும் குறைந்துவிட்டது. நண்பர் சங்கத்தார் வங்கிகளில் மிகப் பெரியதான ஓவரெண்டு கர்னி 1866-இல் பதினொரு மில்லியன் பவுனுக்கு மேற்பட்ட கடனோடு கவிழ்ந்தது இந்தத் தளர்ச்சியின் முதல் அடையாளம். சான் டோமேயைக் கைவிட்ட பிறகு காட்பரிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கோல்டு கோஸ்டை நாடினார்கள். அங்கே ஆப்பிரிக்கக் குடியானவர்களே தம் நிலத்தில் பயிரிட்டு விற்றார்கள். நல்ல மாற்றம்.

ஜார்ஜ் காட்பரி செய்த காரியங்களில் அறிவுமிக்கது என்று நான் கருதுவது வேறொன்று. 1900-ஆம் ஆண்டில், போர்ன்வில் கிராமத்தின் 330 ஏக்கர் நிலத்தையும் முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளையும் தமக்கும் தம் வாரிசுகளுக்கும் கம்பெனிக்கும் பாத்தியதை இல்லாதபடி ஒரு தர்மஸ்தாபனத்துக்கு எழுதிக்கொடுத்து, வாடகை வருமானத்தைக் கொண்டு மேலும் வீடு கட்டச் சொல்லிவிட்டார். தமக்குச் சொந்தமாயிருந்த உட்புரூக் மாளிகையையும் சபையாரின் கல்விநிலையமாக்கினார். வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் 1931 அக்டோபரில் தங்கியது அங்கேதான். ஆலை அவருடைய சந்ததியாரிடம் இருந்தது; 1962-இல் பங்குகள் பொதுஜனங்களுக்கு விற்கப்பட்டன; 1969-இல் ஷ்வெப்ஸ் கம்பெனியோடு இணைந்தது; 2010-இல் கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி அதை வாங்கிற்று. வாங்குமுன், காட்பரியின் கெய்ன்ஷாம் ஆலையை மூடாமல் வைத்திருப்போம் என்று கிராஃப்ட் நம்பிக்கை அளித்திருந்தது. வாங்கிய சில நாட்களில் மூடுவதாக அறிவித்தது. கம்பெனிகளின் கைமாற்றத்தைக் கண்காணிக்கும் குழு அதைப் பகிரங்கமாகக் கண்டித்ததோடு விஷயம் முடிந்தது. போர்ன்வில் கிராமத்தைப் பற்றி அந்தப் பேரத்தில் எவரும் பேசவில்லை. விற்கிறவர்களுக்கு அதன்மேல் உரிமை இல்லை. 110 வருஷத்துக்கு முன் எழுதிய பத்திரத்தின்படி தர்மஸ்தாபனம், இப்போது ஆயிரம் ஏக்கர் அளவுக்கு வளர்ந்துவிட்ட நிலத்தில், வாடகை வாங்கி வீடுகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தது.